சவரக்கத்தி துருப்பிடிக்காமல் வைத்திருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சவரக்கத்தி என்று சொல்வது மடக்கும் பிடியோடு வரும் பழைய ரகம். பிளேடு மாற்றத் தேவையில்லாதது, தோல் வாரில் தீட்டித் தீட்டிப் பயன்படுத்துவது. நான் இருப்பது திருவான்மியூர். மொட்டை மாடிக்குப் போனால் கடல் தெரியும், ஜன்னல் கம்பிக்கு வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடித்தாலும் துரு எட்டிப் பார்க்கும். இந்த ஊரில் எட்டுக் கத்திகளை வைத்துக்கொண்டு பட்ட பாட்டில் தெரிந்துகொண்டவைதான் கீழே இருப்பவை. கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ இருப்பவர்களுக்கு இவ்வளவு கெடுபிடி தேவைப்படாமல் போகலாம்.

சமையலறைக் கத்தி மாதக்கணக்கில் சும்மா கிடக்கிறது, ஒன்றும் ஆவதில்லை. இது மட்டும் ஏன் ரெண்டு நாளில் துருப்பிடிக்கிறது?

சமையலறைக் கத்தி பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சவரக்கத்திகளில் பெரும்பாலானவை கார்பன் ஸ்டீல், ஏறக்குறைய ஒரு சதவீதமோ அதற்குச் சற்றுக் கூடவோ கார்பன் இருக்கும், துருவைத் தடுக்கிற குரோமியம் இருக்காது, இருந்தாலும் பேருக்குத்தான். பாட்டி வீட்டு அரிவாள்மனையை நினைத்துக்கொள்ளுங்கள், கழுவிவிட்டு ஈரத்தோடு வைத்தால் மறுநாள் காலையில் பழுப்பாகியிருக்கும். அதே ஜாதிதான் இதுவும்.

ஆனால் அரிவாள்மனையில் துரு வந்தால் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு வெண்டைக்காயை நறுக்கிவிடலாம். சவரக்கத்தியில் அது நடக்காது. இதன் வாய், அதாவது வெட்டுகிற ஓரம், அவ்வளவு மெல்லிசு. முகத்து முடி ஒன்றின் தடிமன் 100 மைக்ரானை ஒட்டி முன்பின்னாக இருக்கும் என்றால் நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்கும் கீழே. கண்ணுக்கே தெரியாத துருப்புள்ளி ஒன்று அங்கே விழுந்தாலும் அந்த இடத்தில் இரும்பே இல்லை, வாய் பொத்தலாகிவிட்டது என்று அர்த்தம். "நேற்று வெண்ணெய் மாதிரி வழித்தது, இன்றைக்கு இழுக்கிறது" என்று பலர் சொல்வார்களே, அதில் பாதிக்குக் காரணம் இதுதான். துரு கண்ணில் படுவதற்கு முன்னாலேயே கன்னத்தில் தெரிந்துவிடும்.

அப்படியானால் ஸ்டெயின்லெஸ் சவரக்கத்தி வாங்கிவிட்டால் பிரச்சனை தீர்ந்ததா?

பாதி தீரும். ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் ஸ்டெயின்லெஸ் கத்திகள் செய்கிறார்கள், கடலோரத்தில் இருப்பவர்கள் முதல் கத்தியாக அதை வாங்குவது புத்திசாலித்தனம்தான். ஆனால் கூர் நிற்பதற்காக அதிலும் கார்பன் சேர்க்க வேண்டும், அந்தக் கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடும். அதனால் வீட்டு எவர்சில்வர் தட்டு அளவுக்கு அது தாங்காது. உப்புத் தண்ணீரோ வியர்வையோ பட்டு அப்படியே விட்டால் அதிலும் புள்ளி விழும்.

சவரம் முடிந்ததும் என்னதான் செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன், ஏனென்றால் எந்தப் பெட்டி, எந்த எண்ணெய் என்று தேடுகிற பலரும் இந்தப் பத்து நிமிடத்தைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். ஈரத்தோடு மடக்கிய கத்தியை எவ்வளவு உயர்ந்த பெட்டியில் வைத்தாலும் உள்ளேயே துருப்பிடிக்கும்.

முதலில் சோப்பு நுரை போகக் கழுவுங்கள், நல்ல சூடான தண்ணீராக இருந்தால் மேல். கத்தி சூடேறியிருந்தால் மிச்ச ஈரம் தானாகவே ஆவியாகும். ஆனால் தகடு மட்டும்தான் தண்ணீரில் நனைய வேண்டும். பிடியையும் சேர்த்துக் குழாயில் காட்டினால் ஆணி இருக்கும் மூட்டுக்குள் தண்ணீர் இறங்கிவிடும், அங்கே போன தண்ணீரை வெளியே கொண்டுவருவது பெரும் பாடு. போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடு என்றால் கடைசியாக ஒரு டம்ளர் குடிதண்ணீர் விட்டு அலசிவிடுங்கள்.

அப்புறம் துடைப்பது. பழைய வேட்டித் துணி கிடைத்தால் அதைவிட நல்லது கிடையாது, இல்லாவிட்டால் டிஷ்யூ காகிதம். எப்போதும் முதுகிலிருந்து, அதாவது தகட்டின் தடித்த பக்கத்திலிருந்து, வாயை நோக்கித்தான் துடைக்க வேண்டும். வாயிலிருந்து முதுகை நோக்கிப் போனால் துணியும் கிழியும், விரலும் கிழியும். தகட்டைத் துடைத்ததோடு நிறுத்திவிடாதீர்கள். டிஷ்யூவை ஒரு மூலையில் திரி மாதிரி முறுக்கி, பிடியின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் விட்டு ஆணி வரைக்கும் தள்ளி இழுங்கள். வெளியே வரும்போது திரியின் நுனி நனைந்திருக்கும், நம்ப மாட்டீர்கள். நனையாமல் வருகிற வரைக்கும் புதுத் திரி.

பிறகு தோல் வாரில் நாலைந்து தடவை மென்மையாக இழுத்தால் வாயின் நுனியில் ஒட்டியிருக்கும் ஈரமும் போய்விடும். கடைசியாக, மடக்காமல் பாதி திறந்தபடி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், குளியலறைக்கு வெளியே, ஒரு மணி நேரமாவது கிடக்கட்டும். நான் ராத்திரி வரை விட்டுவிடுவேன். மின்விசிறிக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது.

படிகாரம் தேய்ப்பதால் ஏதாவது கெடுதலா?

முகத்துக்கு இல்லை, கத்திக்கு உண்டு. படிகாரம் தண்ணீரில் கரைந்தால் நல்ல அமிலத் தன்மையோடு இருக்கும். படிகாரக் கல்லைத் தேய்த்த அதே கையால் கத்தியை எடுத்துத் துடைத்தால் என்ன ஆகும் என்று என் இரண்டாவது கத்தியில் பார்த்தேன். மூன்றாம் நாள் முதுகின் மேல் கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, ஆதார் கார்டுக்கு எடுத்தது போலப் பழுப்பு நிறத்தில் பதிந்திருந்தது. ஆக, கத்தியைத் துடைத்து வைத்த பிறகுதான் படிகாரத்தைத் தொடுவது. வியர்த்த கையும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

எண்ணெய் தினமும் போட வேண்டுமா?

தினமும் சவரம் செய்கிறவர், நன்றாக உலர்த்துகிறவர், உள்நாட்டு ஊரில் இருக்கிறவர் என்றால் வேண்டாம். கடலோரம், மழைக்காலம், அல்லது நாலு நாளைக்கு அந்தக் கத்தியைத் தொடப்போவதில்லை என்றால் போடுங்கள். ஒன்று மட்டும்: உலராத கத்தியில் எண்ணெய் போடுவது ஈரத்தை உள்ளே வைத்துத் தைப்பது மாதிரி. ஒரு தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் நான் அதைத்தான் செய்தேன். அரைகுறையாகத் துடைத்து, எண்ணெயை ஊற்றி, போதாததற்குத் தோல் உறையில் செருகி, குளியலறை அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். ஐப்பசி மழை பத்து நாள். திரும்பி வந்து பார்த்தால் வாயை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு, கண்ணாடி வைத்துப் பார்த்தால் ரம்பம். கல்லில் போட்டு அந்த வாயையே தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக வாய் கட்ட வேண்டியதாயிற்று.

எந்த எண்ணெய் நல்லது? தேங்காய் எண்ணெய் போதாதா?

தேங்காய் எண்ணெய்தான் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஓரிரு நாளைக்குப் பரவாயில்லை. ஆனால் நாளாக நாளாகக் காறும், காறிய எண்ணெயில் அமிலம் சேரும், ஆணியைச் சுற்றியுள்ள பித்தளையில் பச்சை பூக்கும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் இன்னும் மோசம், காற்றுப் பட்டு மெல்லப் பிசினாக மாறிவிடும். பழைய தோசைக்கல் ஓரத்தில் மஞ்சளாகப் பிசுக்கு ஒட்டியிருக்குமே, அதுதான்.

என் தேர்வு மருந்துக்கடை லிக்விட் பாரஃபின். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற அதே திரவம். நிறமில்லை, வாசனையில்லை, காறாது, முகத்தில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஒரு பாட்டில் வாங்கினால் பேரன் காலம் வரைக்கும் வரும். கேட்கும்போது கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். தையல் மெஷின் எண்ணெயும் நல்லதுதான், சவரத்துக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். ஜப்பானில் வாள்களுக்கும் உளிகளுக்கும் காமெலியா விதை எண்ணெய் பூசுகிற வழக்கம் இருக்கிறது. காசு இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், லிக்விட் பாரஃபினைவிடப் பெரிதாக எதையும் அது செய்துவிடப் போவதில்லை என்பது என் எண்ணம்.

டபிள்யூடி-40 பற்றித் தவறாமல் கேட்பார்கள். 1953-இல் அமெரிக்காவின் சான் டியகோவில் ஈரத்தை விரட்டுவதற்கென்று உருவாக்கியது அது. பெயரில் இருக்கிற 40 கூட நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதைத்தான் குறிக்கிறது. ஆணி மூட்டுக்குள் தண்ணீர் போய்விட்டால் ஒரு துளி விட்டு ஈரத்தை வெளியேற்ற அருமையான பொருள். ஆனால் அது விட்டுப்போகும் படலம் ரொம்ப மெல்லிசு. மாதக்கணக்கில் காக்கும் என்று நம்பாதீர்கள். அது ஆவியான பிறகு உண்மையான எண்ணெயைப் பூசுங்கள்.

எவ்வளவு பூசுவது?

ஒரு சொட்டு. டிஷ்யூவில் விட்டு, தகட்டின் இருபக்கமும் முதுகிலிருந்து வாய்க்கு இழுத்தால் போதும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் லேசான மினுமினுப்பு தெரிய வேண்டும். வழிந்தால் அதிகம். வழிகிற எண்ணெய் பிடிக்குள் இறங்கித் தூசியைக் கூட்டி வைத்துக்கொள்ளும். எண்ணெய்க் கத்தியை அப்படியே தோல் வாரில் இழுக்காதீர்கள், வார் கெட்டுவிடும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு இழுங்கள்.

எங்கே வைக்கலாம்?

குளியலறையில் மட்டும் வேண்டாம். வெந்நீர் ஆவி கண்ணாடியில் படிகிற மாதிரிதான் கத்தியிலும் படியும். சமையலறையும் வேண்டாம், குக்கர் விசில் அடிக்கிற இடம் அது. படுக்கையறை பீரோ, மேல்தட்டு, வெளிச்சுவரைத் தொடாத பக்கம். மழைக்காலத்தில் சுவர் ஓதம் காக்கும், அந்தச் சுவரை ஒட்டிய அலமாரியில் துணியே பூஞ்சை பூக்கும்போது கத்தி எம்மாத்திரம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிப்பது வேகமெடுக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. சென்னையில் வருஷத்தின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் ஓடுகிறது. கூடவே கடல் உப்பு படிந்திருந்தால் அதற்குக் கீழேயே ஆரம்பித்துவிடும்.

அழகான தோல் உறையோடு வாங்கினேன். அதிலேயே வைக்கலாமா?

பயணத்துக்கு மட்டும். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், பதனிடும்போது சேர்த்த உப்பும் அமிலமும் அதில் மிச்சம் இருக்கும். கத்தியைத் தோல் உறையில் வைப்பது ஈரத்துணியில் சுற்றி வைப்பதற்கு அண்ணன் தம்பி. ஸ்பாஞ்ச் ஒட்டிய பெட்டியும் அப்படித்தான்.

சிலிகா ஜெல் போட்டால் போதுமா? அரிசி?

மூடி இறுக்கமாக இருக்கிற டப்பாவாக இருந்தால் சிலிகா ஜெல் நன்றாக வேலை செய்யும். ரப்பர் வளையம் வைத்த, நாலு பக்கமும் கிளிப் போடும் சாப்பாட்டு டப்பாதான் என்னுடைய கத்திப் பெட்டி. பார்க்க ஒன்றும் கம்பீரமாக இருக்காது, உள்ளே தயிர்சாதம் இருக்கிறது என்றுதான் நினைப்பீர்கள். மூடியில்லாத மேசை டிராயரில் ரெண்டு பொட்டலத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அது தெருவுக்கே ஏசி போடுகிற கதை.

ஷூ பெட்டியில் வருகிற பொட்டலம் உங்கள் கைக்கு வருவதற்குள் பெரும்பாலும் வயிறு நிரம்பித்தான் இருக்கும். நிறம் மாறும் ரகத்தை வாங்கினால் தெரிந்துவிடும். நீலம் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு பச்சையாகும். சுமார் 120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் காயவைத்தால் மறுபடி பயன்படும். நீல ரகத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. சமைக்கிற பாத்திரத்திலோ ஓவனிலோ அதைக் காயவைக்காதீர்கள், ஆரஞ்சே வாங்குங்கள். அரிசி கொஞ்சம் ஈரம் இழுக்கும், கூடவே மாவுத்தூளும் வண்டும் தரும். அது சோற்றுக்கே இருக்கட்டும். அந்துருண்டை பூச்சிக்குத்தான், துருவுக்கு அதனால் பயனில்லை.

ஏசி அறையில் வைத்தால் துருவே வராது என்கிறார்களே?

ஏசி ஓடுகிறவரை காற்று உலர்ந்திருக்கும், சரிதான். சிக்கல் வெளியே எடுக்கும்போது. குளிர்ந்த கத்தியை வெக்கையான அறைக்குக் கொண்டுவந்தால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலைப் போல வியர்க்கும். டப்பாவோடு வெளியே எடுத்து வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

பழைய கடையில் வாங்கிய கத்தி. மற்ற கத்திகளோடு வைத்தேன், எல்லாமே துருப்பிடிக்கிறது. என்ன காரணம்?

பிடியைப் பாருங்கள். ஆமை ஓடு மாதிரியோ, தேன் நிறத்தில் ஒளி ஊடுருவுகிற மாதிரியோ இருந்தால் அது செல்லுலாய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 1870-இல் அமெரிக்காவில் ஹையட் சகோதரர்கள் காப்புரிமை வாங்கிய பொருள், நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. ஆமாம், நம்ம கற்பூரம்தான். கட்டைவிரலால் பிடியைச் சூடு பறக்கத் தேய்த்து மோந்து பார்த்தால் கோயில் வாசனை வரும்.

இந்தப் பிடி வயதானால் தானாகச் சிதையத் தொடங்கும். சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயு வரும், காற்றின் ஈரத்தோடு அது சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். எண்ணெயெல்லாம் அதற்கு முன்னால் நிற்காது. பிடிக்குள் மடங்கியிருக்கும் பாகம் மட்டும் கறுத்து அரித்திருக்கும், ஆணியில் பச்சை வழியும், பிடியில் மெல்லிய வெடிப்புகள் ஓடும், மூக்கைக் குத்துகிற நெடி வரும். இதுதான் மூடிய டப்பாவின் ஆபத்து: வாயு வெளியே போக வழியில்லாமல் பக்கத்தில் இருக்கிற நல்ல கத்திகளையும் தின்னும். நோய்வாய்ப்பட்டதை உடனே தனியாகப் பிரித்து வையுங்கள், பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு பிடி போட்டால் தகடு பிழைத்துக்கொள்ளும். பழைய சினிமாச் சுருள்களும் இதே நைட்ரேட் குடும்பம், எத்தனையோ மௌனப் படங்கள் கருகியும் சிதைந்தும் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் சூடான ஊசியைக் குத்திச் சோதிக்கிறேன் பேர்வழி என்று கிளம்பாதீர்கள், பிடி குப்பென்று பற்றிக்கொள்ளும்.

நல்ல நிலையில் இருக்கும் செல்லுலாய்டு பிடிக் கத்தி என்றால் காற்றோட்டமான இடத்தில், தனியாக, எண்ணெய் பூசி வையுங்கள். கொம்புப் பிடிக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆறு மாதம் வெளிநாடு போகிறேன். கத்தியை எப்படி வைத்துவிட்டுப் போவது?

உலர்த்தல் எல்லாம் முடிந்த பிறகு, மறுநாள், லிக்விட் பாரஃபினுக்குப் பதில் வாசலினை மெல்லப் பூசுங்கள். அது ஓடாது, இருந்த இடத்திலேயே இருக்கும். ஆணி மூட்டில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். மெழுகுக் காகிதம் ஒரு துண்டைத் தகட்டின் மேல் மடித்துப் போட்டு மூடி, டப்பாவில் புது சிலிகா ஜெல். எந்திர உதிரிபாகங்களைச் சுற்றி அனுப்புகிற துருத்தடுப்புக் காகிதம், விசிஐ பேப்பர் என்பார்கள், ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிற நண்பர் இருந்தால் ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து வருகிற ஆவி இரும்பின் மேல் படிந்து காக்கும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கலாமா?

வைக்காமல் எப்படி? ஆனால் பொட்டைப் பிடியிலோ டப்பாவின் மேலோ வையுங்கள். குழைத்த சந்தனம் தகட்டில் ராத்திரி முழுக்க இருந்தால் மறுநாள் அந்த வட்டம் அப்படியே துருவாகப் பதிந்திருக்கும். சலூன் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் பழைய கத்தியைக் காட்டினார், மூன்று வட்டம், மூன்று வருஷப் பூஜை.

ஏற்கனவே துரு வந்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

நிறத்தைப் பாருங்கள். சாம்பல், நீலம், கறுப்பு என்று தட்டையாகப் படிந்திருப்பது துரு இல்லை, வயதான இரும்பின் தோல். அதை விட்டுவிடுங்கள், அடியில் இருப்பதை அது கொஞ்சம் காக்கவும் செய்யும். ஆரஞ்சாக, தொட்டால் தூளாக ஒட்டுவதுதான் எதிரி. புதிதாக வந்தது என்றால் எண்ணெய் நனைத்த துணியே எடுத்துவிடும். போகாவிட்டால் பிராஸோ மாதிரி மெட்டல் பாலிஷ், அதற்கும் மசியாவிட்டால் 2000 நம்பர் எமரித்தாளை எண்ணெயில் நனைத்து, முதுகிலிருந்து வாய்ப் பக்கம் மட்டும். தேய்த்த பிறகு குழி தெரிந்தால் அது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. தகட்டின் நடுவில் இருந்தால் அழகு கெட்டது, அவ்வளவுதான். வாயை ஒட்டி இருந்தால் அந்தக் குழியைத் தாண்டி உள்ளே போகும்வரை கல்லில் தேய்க்க வேண்டும், அதைத் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

தெரிந்தவர் என்றால் சைக்கிளில் சாணை பிடித்துக்கொண்டு வருகிறவர் அல்ல. அருவாளுக்கும் கத்திரிக்கோலுக்கும் அவர் தெய்வம். ஆனால் அந்தச் சக்கரத்தில் பொறி பறக்கிற சூட்டில் இவ்வளவு மெல்லிய வாய் ஒரு நொடியில் நீலமாகிவிடும். நீலமான இடத்தில் கடினம் போய்விட்டது, அப்புறம் கூர் நிற்கவே நிற்காது. வினிகரில் ஊறப்போடுவது, எலுமிச்சை தேய்ப்பது, பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவுவது, இதெல்லாம் துருவோடு சேர்த்து வாயையும் கரைக்கும்.

சலூனில் பிளேடு மாற்றுகிற கத்திக்கும் இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். பாதி பிளேடைச் செருகுகிற அந்தக் கத்தியில் வாய் தினமும் குப்பைக்குப் போகிறது. பிளேடைக் கழற்றிவிட்டு, செருகும் இடுக்கைக் கழுவி உலர்த்தினால் போதும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்?

புழக்கத்தில் இல்லாத கத்தியை மாதம் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகையில் வாரம் ஒருமுறை. நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் டப்பாவைத் திறப்பேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் சாய்த்து, முதலில் ஆணி மூட்டு, பிறகு பிடிக்குள் மறைந்திருக்கும் பாகம், கடைசியில் வாய். வெள்ளை டிஷ்யூவால் ஒரு இழுப்பு. டிஷ்யூ வெள்ளையாகவே வந்தால் ஒரு சொட்டு எண்ணெய் போட்டு மூடிவிடலாம். பழுப்புக் கீற்று ஒன்று தெரிந்தால் அன்றைக்குக் காலைக் காபி ஆறிப்போகும்.